மறக்காமல் சாப்பிடவும்

ஞாபக மறதிக்கு மருந்து விற்கிறவரைப் போல அதிர்ஷ்டசாலி வியாபாரி உலகத்தில் கிடையாது. வழுக்கைக்குத் தைலம் விற்றவரை மூன்றாவது மாசமே கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். தொப்பை குறைக்கிற பெல்ட் விற்றவரை இன்ச் டேப் மாட்டிவிடும். ஞாபக மருந்துக்காரரை மட்டும் யாரும் அசைக்க முடியாது. மருந்து பலித்தால் நன்றி சொல்ல வருவீர்கள். பலிக்கவில்லை என்றால் வாங்கினதே ஞாபகம் இருக்காது.

அந்த வியாபாரத்தின் சூப்பர் ஸ்டார்களில் ஒருவர் கிங்கோ. 'ஜிங்கோ' என்றும் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப் கண்ணாடி அலமாரியில், விசிறி மாதிரி ஒரு பச்சை இலை படம் போட்ட பாட்டில் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வருகிற மச்சான்கள் சாக்லேட்டுக்கும் பாதாம் பருப்புக்கும் நடுவே ஒரு பாட்டில் செருகிக்கொண்டு வருவார்கள். சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு ஒன்று, ரிட்டயர் ஆன மாமனாருக்கு ஒன்று.

'பி.காம். படித்த ஆசாமிக்கு மருந்து ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். பிளஸ் டூவில் நான் காமர்ஸ் குரூப் எடுத்ததே கெமிஸ்ட்ரியிடமிருந்து தப்பிக்கத்தான். ஆனால் எந்த மாத்திரை பாட்டிலும் கடைசியில் ஒரு கணக்குப் புத்தகம்தானே சார். என்ன வரவு, என்ன செலவு, ஆடிட்டர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

★

முதலில் கம்பெனியின் பூர்வீகம்.

பெயரிலேயே ஒரு குமாஸ்தா தப்பு இருக்கிறது. 1690-ல் டச்சுக் கம்பெனியின் டாக்டராக நாகசாகி போய் இறங்கினார் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியர். அங்கே இந்த மரத்தைப் பார்த்தார். 'கின்க்யோ' என்றார்கள். 'வெள்ளி ஆப்ரிகாட்' என்று அர்த்தம். அதை 1712-ல் தன் புத்தகத்தில் அச்சேற்றும்போது 'ய'கரம் வரவேண்டிய இடத்தில் 'க'கரம் விழுந்து 'கிங்கோ' ஆகிவிட்டது. எழுத்துப் பிழைதான் என்று பலரும், இல்லை, நாகசாகிப் பக்கத்து உச்சரிப்பே அப்படித்தான் என்று சிலரும் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1771-ல் லின்னேயஸ் அதே ஸ்பெல்லிங்கை அப்படியே எடுத்து விஞ்ஞானப் பெயராக்கிவிட்டார். ஓப்பனிங் பேலன்ஸில் விழுந்த தப்பு, 300 வருஷமாக கேரி ஃபார்வர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது.

மரம் என்னவோ மகா கெட்டி. இதன் குடும்பத்தின் கல்லாகிப்போன இலைகள் 20 கோடி வருஷத்துக்கு முந்தைய பாறைகளில் கிடைக்கின்றன. டைனோசர்களுக்கு நிழல் கொடுத்த குடும்பம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துவிட, பாக்கி நிற்பது இந்த ஒரே இனம். 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் நின்ற ஆறு கிங்கோ மரங்கள் திரும்பத் துளிர்த்தன. அதில் ஒன்று ஒரு புத்தர் கோயில் வாசலில் நின்றது. கோயில் போய்விட்டது, மரம் போகவில்லை. மறுபடி கட்டும்போது மரத்துக்கு வழிவிட்டுப் படிக்கட்டு அமைத்தார்கள்.

டோக்கியோ தெருக்களிலும் நியூயார்க் தெருக்களிலும் இதை வரிசையாக நட்டிருக்கிறார்கள். புகை, தூசி, பூச்சி எதற்கும் அசராது. ஒரே ஒரு சிக்கல், மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் மரத்திலிருந்து விழும் விதையின் சதை, வாந்தி மாதிரி நாறும். ஊசிப்போன வெண்ணெயில் இருக்கிற அதே பியூட்ரிக் அமிலம். அதனால் நகரசபைகள் தேடிப் பிடித்து ஆண் மரமாகவே நடுகின்றன. மொத்தத் தெருவும் திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி பேச்சிலர்கள்.

இந்தப் பூர்வீகப் பெருமையைத்தான் பாட்டில்காரர்கள் முதலீடாக வைத்திருக்கிறார்கள். 'அணுகுண்டையே தாங்கிய மரம், உங்கள் மூளையைத் தாங்காதா?' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆமை நூறு வருஷத்துக்கு மேல் வாழ்கிறது என்பதற்காக அதன் ஓட்டைப் பொடி பண்ணி ஹார்லிக்ஸில் கலக்குகிறோமா?

இன்னொன்று, 'ஆயிரக்கணக்கான வருஷப் பாரம்பரியம்' என்று போட்டிருப்பார்கள். சீன வைத்தியத்தில் முக்கியமாகப் பயன்பட்டது விதை, அதுவும் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும். இலையிலிருந்து சாறு இறக்கி கேப்ஸ்யூலில் அடைப்பது ஜெர்மானியர்கள் 1960-களில் ஆரம்பித்த சமாசாரம். கிட்டத்தட்ட நம்ம ஊர் ஸ்கூட்டர் வயசு.

★

சரி, இலைக்குள் சரக்கு உண்டா? உண்டு. அதுதான் சுவாரஸ்யம்.

1932-ல் ஃபுருகாவா என்ற ஜப்பானியர் மரத்திலிருந்து சில கசப்பான பொருட்களைப் பிரித்தெடுத்தார். உள்ளே அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது பிடிபடவே இல்லை. 35 வருஷம் கழித்து, 1967-ல், கோஜி நாகானிஷியின் குழு வேர்ப்பட்டையை வைத்து அந்தப் புதிரை உடைத்தது. கிங்கோலைடு ஏ, பி, சி, எம் என்று ஆங்கில எழுத்துக்களையே பெயராக வைத்தார்கள். ஆறு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட கூண்டு மாதிரி அமைப்பு. இயற்கையில் கிங்கோ மரம் தவிர வேறெங்கும் கிடைக்காத டிசைன்.

இவற்றில் ஹீரோ, கிங்கோலைடு பி. அதை லேபாரட்டரியில் ஆரம்பத்திலிருந்து கட்டிக் காட்டினார் ஹார்வர்டின் ஈ.ஜே. கோரி, 1988-ல். கெமிஸ்ட்ரிக்காரர்கள் மத்தியில் அது எவரெஸ்ட் ஏறிய மாதிரி. இப்படிச் சிக்கலான மூலக்கூறுகளைக் கட்டும் முறைகளுக்காக 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஹீரோ உடம்புக்குள் போய் என்ன செய்கிறார்? நம் ரத்தத்தில் பிளேட்லெட் என்று குட்டிக் குட்டி அணுக்கள் இருக்கின்றன. ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்டால் ஓடி வந்து கூட்டமாக ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பது அவைதான். அவற்றை 'வாங்கடா' என்று விசிலடித்துக் கூப்பிடும் பொருட்களில் ஒன்றுக்கு பி.ஏ.எஃப். என்று பெயர். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் இறுகுவதிலும் இந்த ஆசாமிக்குப் பங்கு உண்டு. விசில் காதில் விழுவதற்கு அணுவின் மேல் ஒரு பூட்டு இருக்கிறது. கிங்கோலைடு பி அந்தப் பூட்டில் போய் உட்கார்ந்துகொண்டு பி.ஏ.எஃப். என்ற சாவியை நுழையவிடாது. 1985 வாக்கில் இதைக் கண்டுபிடித்தார்கள். மூச்சிரைப்புக்கு விதை கொடுத்த சீன வைத்தியர்கள் ஏதோ ஒரு நூலைப் பிடித்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

நடுவில் ஒரு தமாஷ். 1972-ல் இந்த பி.ஏ.எஃப்.புக்குப் பெயர் வைத்தவர் ழாக் பென்வெனிஸ்த் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அதே மனிதர் 1988-ல் 'தண்ணீருக்கு ஞாபக சக்தி உண்டு' என்கிற மாதிரி ஒரு கட்டுரையை 'நேச்சர்' இதழில் போட்டார். மருந்தைக் கரைத்து, கரைத்து, கடைசியில் ஒரு துளி மருந்துகூட இல்லாத தண்ணீரும் மருந்தை நினைவு வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்றார். இதழின் ஆசிரியரே ஒரு மேஜிக் நிபுணரைக் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போய் உட்கார்ந்தார். எது நிஜ மருந்து, எது வெறும் தண்ணீர் என்று தெரியாமல் சோதனை பண்ணச் சொன்னார். தண்ணீருக்கு எல்லாம் மறந்துவிட்டது.

கிங்கோலைடு பி-யைத் தனியாகப் பிரித்து நிஜ மருந்தாக்கவும் முயன்றார்கள். ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்குப் போராடுகிற நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 1994-ல் வந்த முதல் சோதனை, ஒரு வகை நோயாளிகளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. 1998-ல் வந்த பெரிய சோதனையில் பலன் நிரூபணமாகவில்லை. ஆக, பிரமாதமான மூலக்கூறு, அழகான பூட்டு-சாவிக் கதை, மருந்துச் சந்தையில் வேலை கிடைக்கவில்லை. கோல்டு மெடல் வாங்கியும் இன்டர்வியூவில் தேறாத பையன் மாதிரி.

கவனியுங்கள். இதுவரை ஞாபகம் என்ற வார்த்தையே மரத்தின் பக்கத்திலிருந்து வரவில்லை, தண்ணீரின் பக்கத்திலிருந்துதான் வந்தது. கிங்கோலைடு பி-யின் நிச்சயமான கைவேலை ரத்தத்தில்தான். இதை மனசில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

★

இப்போது கேப்ஸ்யூலைப் பிரிப்போம்.

ஜெர்மனியின் ஷ்வாபே கம்பெனி தயாரிக்கிற சாறுதான் இந்தத் தொழிலில் அளவுகோல். 'ஈஜிபி 761' என்று பெயர். பெரும்பாலான நல்ல ஆராய்ச்சிகள் இதை வைத்துத்தான் நடந்தன. சுமார் 50 கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிலோ சாறு. அதில் ஃபிளேவனாய்டு என்ற வகை 24 சதவீதம், கிங்கோலைடுகளும் அவற்றின் தம்பி பைலோபலைடும் சேர்ந்து 6 சதவீதம்.

கால்குலேட்டரை எடுங்கள். ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம் சாறு சாப்பிட்டால், 6 சதவீதம் என்றால் 7.2 மில்லிகிராம். அதில் பாதியை பைலோபலைடு எடுத்துக்கொள்ளும். மிச்சம் நாலு மில்லிகிராமுக்கும் குறைவு. அதையும் ஏ, பி, சி என்று பங்காளிகள் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் ஹீரோவுக்குக் கிடைப்பது ஒரு ஓரப் பங்கு. எங்கள் வீட்டில் நாலு சகோதரர்களுக்கு நடுவே பாகம் பிரித்த கதை இதைவிடத் தாராளம்.

ஃபிளேவனாய்டு 24 சதவீதம் என்றால் சுமார் 29 மில்லிகிராம். இதில் முக்கியமான ஒன்றின் பெயர் க்வெர்செடின். அது வெங்காயத்தில் தாராளமாக இருக்கிறது. இன்னொன்று கெம்ப்ஃபெரால். நாகசாகி போனாரே டாக்டர், அவர் பெயர்தான். அது முருங்கைக்கீரையில் இருக்கிறது, டீயில் இருக்கிறது. டாலர் கொடுத்து வாங்கின பாட்டிலில் கால்வாசி சமாசாரம் நம் வீட்டு வெங்காய சாம்பாரில் மிதக்கிறது.

'அப்படியென்றால் இலையையே பறித்து டீ போட்டுக் குடிக்கலாமே' என்று யாராவது கிளம்புவதற்குள் ஒரு எச்சரிக்கை. பச்சை இலையில் கிங்கோலிக் அமிலம் என்று ஒரு வம்பு உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் கையைப் பொத்துப்போக வைக்கும் எண்ணெய் இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒழுங்கான கம்பெனிகள் இதைப் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கும் கீழே இறக்கிவிடுகின்றன. விதையிலும் ஒரு விஷம் உண்டு. ஜப்பானில் நாலைந்து விதையை வேகவைத்துச் சுவைத்துச் சாப்பிடுவார்கள். குழந்தைகள் கைநிறைய அள்ளித் தின்றால் வலிப்பு வரும். அந்த விஷம் உடம்பில் வைட்டமின் பி6 வேலையைக் கெடுத்துவிடுகிறது. 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்கிறவர்களுக்கு இந்த மரம் ஒரு நல்ல வாத்தியார்.

அதற்கும் முன்னால் பாட்டிலில் இருப்பது கிங்கோதானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஃபிளேவனாய்டு சதவீதம் காட்டினால் போதும் என்று, வேறு செடியிலிருந்து எடுத்த மலிவான சரக்கைச் சேர்த்துக் கணக்கைச் சரிக்கட்டுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. 2015-ல் சீன அரசாங்கம், சாராயத்துக்குப் பதில் மலிவான ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டுச் சாறு இறக்கிய தயாரிப்பாளர்களைப் பிடித்துச் சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறச் செய்தது. காமர்ஸ்காரர்கள் இதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு பாடமே படித்திருப்போம்.

★

ஆடிட் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

1997-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆராய்ச்சி வந்தது. மறதி நோய் வந்துவிட்டவர்களுக்கு இந்தச் சாறு சின்ன அளவில் உதவுகிறது என்றது. சின்ன அளவில்தான். விளம்பரக்காரர்கள் 'சின்ன' என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. 1994-லேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து வசதி பண்ணிக்கொடுத்திருந்தது. 'சப்ளிமென்ட்' என்று போட்டு விற்றால், பலன் உண்டு என்று விற்பதற்கு முன் அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டியதில்லை. 'இது எந்த நோயையும் குணப்படுத்த அல்ல' என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் சரி.

2002-ல் அதே இதழில் இன்னொன்று. 60 வயசு தாண்டிய, ஆரோக்கியமான 230 பேர். பாதிப் பேருக்குக் கிங்கோ, பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஆறு வாரம். ஞாபகப் பரீட்சையில் இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் இல்லை.

'ஆறு வாரம் போதாது சார், வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும்' என்றார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அமெரிக்க அரசாங்கப் பணத்தில் ஒரு பிரம்மாண்ட சோதனை நடந்தது. 75 வயசும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர். தினம் 240 மில்லிகிராம். சராசரி ஆறு வருஷம். மருந்து கொடுத்ததே ஷ்வாபே கம்பெனி, சரக்கு மட்டம் என்ற சாக்குக்கும் வழியில்லை. 2008-ல் முடிவு வந்தது. டம்மி சாப்பிட்ட 1,524 பேரில் 246 பேருக்கு மறதி நோய் வந்தது. கிங்கோ சாப்பிட்ட 1,545 பேரில் 277 பேருக்கு வந்தது. கிங்கோதான் கெடுத்தது என்று அர்த்தமில்லை, அந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். ஆனால் தடுக்கவில்லை என்பது நிச்சயம். பிரான்ஸில் 70 வயசு தாண்டிய 2,820 பேரை ஐந்து வருஷம் பார்த்தார்கள். 2012-ல் அங்கேயும் அதே தீர்ப்பு.

ஆபீஸ் போகிற இளைஞர்கள், பாஸ்வேர்டு மறக்கிற நண்பர்கள் கவனிக்க. ஆரோக்கியமானவர்கள் மேல் நடந்த சோதனைகளை எல்லாம் 2012-ல் கூட்டிப் போட்டுப் பார்த்தார்கள். ஞாபகம், கவனம், திட்டமிடும் திறமை, மூன்று காலத்திலும் பூஜ்யம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே லேசான மறதி நோய் இருப்பவர்களுக்கு, தினம் 240 மில்லிகிராம் தரமான சாறு ஓரளவு பலன் தருகிறது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஐரோப்பிய மருந்து ஏஜென்சியின் மூலிகைக் குழு 2015-ல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது டாக்டர் பார்த்து, எடைபோட்டு, எழுதிக்கொடுக்க வேண்டிய விஷயம். மச்சான் சூட்கேஸில் வந்து இறங்க வேண்டிய விஷயம் அல்ல.

★

'சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே?' இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பக்கமும் எழுதுகிறேன்.

என் நண்பன் ஒருவன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. அவன் அப்பாவுக்கு 71 வயசு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். சாமர்த்தியமான மனிதர், இன்கம்டாக்ஸ் ரிட்டர்னைப் பேனாவாலேயே போட்டவர். கொஞ்ச நாளாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். கேஸ் அடுப்பை அணைக்க மறந்து ஒருநாள் பால் பாத்திரம் கரியாகிவிட்டது. நியூஜெர்சியிலிருந்து மருமகன் கிங்கோ அனுப்பினார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

செக்கப்புக்கு நண்பனுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் ஆட்டோவில் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்டார், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"வேற ஒண்ணும் இல்லை டாக்டர். நீங்க குடுத்த ஆஸ்பிரினும் இன்னொண்ணும்தான்."

நான் இருமினேன். "அங்கிள், அந்தப் பச்சை பாட்டில்..."

"அது மருந்து இல்லை தம்பி, மூலிகை!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சார், அது மருந்து இல்லைன்னா எதுக்குச் சாப்பிடறீங்க? மருந்துன்னா எங்கிட்ட ஏன் சொல்லலை?"

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பிரின் என்ன பண்ணுகிறது? பிளேட்லெட்டுகள் கூட்டம் போடாமல் தடுக்கிறது. கிங்கோலைடு பி என்ன பண்ணுகிறது? பின்னால் தேவைப்படும் என்றேனே, அதே வேலை, வேறு வாசல் வழியாக. 1997-ல் ஒரு கேஸ் மருத்துவ இதழில் வந்தது. தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 70 வயசுக்காரர் கிங்கோவும் ஆரம்பித்தார். ஒரே வாரத்தில், அடிபடாமலே, கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. கிங்கோவை மட்டும் நிறுத்தினார், ஆஸ்பிரின் தொடர்ந்தது, திரும்ப வரவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. பெரிய சோதனைகளில் ரத்தப்போக்கு பொதுவாகக் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவர், வார்ஃபரின் சாப்பிடுகிறவர், அடுத்த வாரம் ஆபரேஷனுக்கோ பல் பிடுங்கவோ போகிறவர், இவர்களெல்லாம் டாக்டரிடம் சொல்லாமல் விளையாடக்கூடாத ஆட்டம் இது. பலனே நிரூபணமாகாத ஒன்றுக்காக எதற்கு ரிஸ்க் எடுக்க வேண்டும்?

நண்பனின் அப்பா விஷயத்தில் நிஜமான நஷ்டம் வேறு. பாட்டில் இருந்த ஆறு மாசமும் 'அதான் மருந்து சாப்பிடறாரே' என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். மறதி ஏன் வந்தது என்று யாரும் தேடவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். வைட்டமின் பி12 தரைமட்டம். தைராய்டு சரியாக இருந்தது. காதும் பாதி கேட்கவில்லை. அவர் கேட்டதையே திரும்பக் கேட்டதில் பாதி, பதில் காதில் விழாததால்! ஊசி போட்டார்கள், காதுக்கு மெஷின் வைத்தார்கள். பழைய மனிதராகவே மாறிவிட்டார் என்று சினிமாத்தனமாகச் சொல்லமாட்டேன். அடுப்பைப் பற்றி இப்போதும் ஒரு கவலை உண்டு. ஆனால் இந்த ஜூலையில் ரிட்டர்னைத் தன் கையால் சரிபார்த்தார். மகன் போட்டதில் ஒரு கூட்டல் தப்பையும் பிடித்தார்.

காது விஷயத்தை விளையாட்டாக நினைக்காதீர்கள். மறதி நோயைப் பற்றி 'லான்செட்' அமைத்த கமிஷன் 2024-ல் கொடுத்த பட்டியலில், மாற்றக்கூடிய காரணங்கள் 14. கேட்கும் திறன் குறைவது, பி.பி., சர்க்கரை, சிகரெட், கொழுப்பு, உடற்பயிற்சி இல்லாமை, தனிமை, கண் பார்வை என்று போகிறது. இவை எல்லாவற்றையும் கவனித்தால் உலகத்தில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறார்கள். பட்டியலில் எந்த இலையும் இல்லை. சிகரெட்டில் சுருட்டுகிற இலை தவிர.

★

உங்கள் வீட்டிலும் ஒரு பச்சை பாட்டில் இருந்தால் மூன்று காரியம் பண்ணுங்கள். ஒன்று, அப்பாவோ அம்மாவோ சாப்பிடுகிற எல்லாவற்றையும், லேகியம், சூரணம், கேப்ஸ்யூல் உட்பட, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அடுத்த தடவை டாக்டர் மேஜையில் வையுங்கள். இரண்டு, மறதி என்றால் மருந்து வாங்குவதற்கு முன் காரணம் தேடுங்கள். பி12, தைராய்டு, காது, தூக்கம், மனச்சோர்வு, சாப்பிடுகிற மற்ற மாத்திரைகள், எதுவும் இருக்கலாம். மூன்று, நீங்கள் முப்பது வயசுக்காரர், மீட்டிங்கில் பெயர் மறக்கிறது என்றால், ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்க்காமல் தூங்கிப் பாருங்கள். அதற்குக் கஸ்டம்ஸ் டியூட்டி கிடையாது.

கடைசியாக, அந்த பாட்டிலின் லேபிளை நான் முழுக்கப் படித்தேன். 'தினமும் தவறாமல், குறிப்பிட்ட நேரத்தில், குறைந்தது மூன்று மாதம் மறக்காமல் சாப்பிடவும்' என்று போட்டிருக்கிறது. இதைச் சரியாகச் செய்ய முடிகிறவருக்கு எதற்கு சார் அந்த மாத்திரை?